டீசல் உங்களுது

ஊர்க்கூடத்தின் கொதிகலன் அக்டோபரில் செத்தது.
அதற்கு முன் மூன்று குளிர்காலமாகச்
செத்துக்கொண்டுதான் இருந்தது.
புதிதுக்குப் பதினோராயிரம் பவுண்டு.
ஆர்க்னியின் வடக்கு ஓரத்தில், இந்தத் தீவில்,
நாங்கள் இருநூற்றுப் பத்துப் பேர்,
கைக்குழந்தைகளையும் சேர்த்து.

ஆகவே ஏலம்.
பொருள் ஏலம் இல்லை, வாக்கு ஏலம்:
தெரிந்த வேலையை ஒருவர் கொடுப்பார்,
வேண்டியவர் காசு கட்டி எடுப்பார்.
கால்நடை மருத்துவர் இரண்டு பூனைகளுக்குக் கருத்தடை தந்தார்.
படகுக்காரர் ஒருவர், கடல்நாய் பார்க்க ஒரு காலைப்பொழுது.
நான் கணக்காளர். அட்டையில் எழுதினேன்:
ஒருவருடைய வருமான வரிக் கணக்கு. ஒரே ஆண்டு.
ரசீதுகளை அடுக்கிக் கொண்டுவரவும்.

தோரா ரெண்டல் அதை வாங்கிக்கொண்டாள்.
ஏலத்தை நடத்துகிறவள், நல்லவள்.
நல்லவர்களிடம்தான் எனக்குப் பயம்.
அன்றிரவு ஒலிபெருக்கியில் என் அட்டை
"ஐல்சா உங்கள் கணக்குவழக்கைப் பார்த்துத் தருவாள்"
என்று சுருங்கிப் போயிருந்தது.
மிச்சம் கொஞ்சம் கறாராகத் தெரிந்ததாம்.
ஊர்க்காரியம் பாரு, என்றாள்.

எண்பத்தைந்துக்கு எடுத்தவர் இங்கா ஃப்ளெட்.

டிசம்பர் இரண்டாம் வாரம்,
காற்று அடைத்திருந்த கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு
மூன்று பிஸ்கட் டின்களோடு வந்தார்.
ஒன்றில் ஆறு வருஷத்து ரசீதுகள்.
ஒன்றில் அவர் தம்பியின் நண்டுப் படகு.
மூன்றாவதில் நிஜமாகவே பிஸ்கட், எனக்கு.

முகத்தாட்சண்யத்திலேயே காலம் தள்ளியவள் நான்.
இந்த வாசலைத் தாண்டி இதுவரை
ஒரு "முடியாது" வெளியே போனதில்லை.
தேவாலயக் கணக்கு, கால்பந்துக் குழுவின் கணக்கு,
அடக்கம் முடிந்து ஈரம்கூடக் காயாத
ஒருவரின் வாரிசுப் பத்திரம்.
எல்லாம் சும்மா.
சும்மா என்றால் இலவசம்.
நான் சும்மா இருக்கிறேன் என்பதும் அதற்குள் இருக்கிறது.

கெட்டில் கொதிக்கும்வரை மனசுக்குள் கூட்டினேன்.
ஆறு வருஷம், ஒரு படகு, நாற்பது மணி நேரம்.
ஜனவரி முப்பத்தொன்றுக்குள்
காசு கொடுத்துக் காத்திருப்பவர்கள் பத்தொன்பது பேர்.
கூட்டலில் எனக்குப் பிழை வராது. வாயில்தான்.

"இந்த ஒரு ஆண்டு மட்டும்தான்" என்றேன்
கோப்பையைப் பார்த்து.
பிறகு அவரைப் பார்த்து, இன்னொரு முறை.
"பழைய வருஷங்களுக்குக் கட்டணம் உண்டு.
படகுக்கும்."

கதவைக் காற்று ஒரு முறை உலுக்கிவிட்டுப் போனது.

இங்கா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.
அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டார்.
"அதை அட்டையிலேயே போட்டிருக்கணும், பெண்ணே."
போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்;
தோரா அவருடைய மைத்துனி.
"என்னுதைக் கேட்டியா?
ஒரு நாள் உழவு. டிராக்டர் என்னுது, டீசல் உங்களுது.
ஞாயிறு கிடையாது. ஈர நிலம் கிடையாது.
நூற்று நாற்பதுக்குப் போச்சு."

கேட்டேன். தோரா அதை ஒரு சொல் விடாமல்தான் வாசித்தாள்.
கூடமே சிரித்துக் கை தட்டியது. நானும்.

டிராக்டர் டீசல் குடிக்கும் என்று
ஊருக்கே தெரிகிறது.
இரவு ஒரு மணிக்கு இந்த மேசையில்
எது எரிகிறது என்று
நான் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு டின்களையும் மூடி அவரே தூக்கிக்கொண்டார்.
போகிற வழியில் திரும்பி,
தம்பியை அனுப்புகிறேன், அவனிடம் குறைக்காதே,
அவன் சிகரெட்டுக்கு எவ்வளவு அழுகிறான் தெரியுமா, என்றார்.

மார்ச்சில் கொதிகலன் வந்தது.
முதல் கூட்டத்திலேயே வெந்துபோய்
ஜன்னல்களைத் திறந்து வைத்தோம்.
பள்ளிக்கூட விழாவுக்கு ஒரு அட்டை வேண்டும் என்றாள் தோரா.
"ஒரு மணி நேரம்" என்று எழுதி
அவள் கண் முன்னாலேயே அடிக்கோடு போட்டேன்.
பேனா என்பதால் கொஞ்சம் அழுத்தியே போட்டேன்.
அவள் முகம் சுருங்கத்தான் செய்தது.
அன்று எனக்குத் தூக்கம் வரவும் இல்லை.

மூன்றாவது டின் இன்னும் என்னிடம்தான்.
காலியாகிவிட்டது.
அடியில் ஒரு துண்டுக் காகிதம், இங்காவின் கையெழுத்து:
பிஸ்கட் உனக்கு. டின் ஈஸ்டருக்குள் வந்தாக வேண்டும்.